பனல் போட்டால் சேர்வர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளாது

இந்த மாதமும் ஒன்று. கல்முனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவரின் இணையத்தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. சேர்வரை (தளம் ஓடும் கணினியை) அமைத்து, அதைப் பிரவுசரிலிருந்தே நிர்வகிக்கும் பனல் என்ற மென்பொருளையும் போட்டுக் கொடுத்தவர் இப்போது வெளிநாட்டில். கடைக்காரர் என்னிடம் கேட்டது இதுதான்: "பனல் எல்லாம் போட்டுத்தானே தம்பி தந்தவர், பிறகு எப்படி ஹேக் ஆகும்?"

மட்டக்களப்பு, காத்தான்குடி, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன். பனல் காவல்காரன் இல்லை. அதுவும் ஒரு மென்பொருள்தான். அதுவும் ரூட் அதிகாரத்தோடு (சேர்வரில் எதையும் மாற்றும் முழு அதிகாரம்), இணையத்தில் எவரும் தட்டிப் பார்க்கக்கூடிய ஒரு போர்ட்டில் (இணைப்பு வாசலில்) இருபத்துநாலு மணிநேரமும் ஓடுகிற மென்பொருள். அதை நிறுவிய நாளில் உங்கள் சேர்வருக்கு இன்னொரு வாசலைத் திறந்திருக்கிறீர்கள். 2024 ஒக்டோபரில் சைபர்பனல் என்ற பனலில் ஓர் ஓட்டை வெளியே தெரிய வந்தது. உள்ளே நுழைய பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. அப்போது 20,000க்கும் மேற்பட்ட சைபர்பனல் சேர்வர்கள் இணையத்தில் திறந்து கிடந்தன. கொஞ்ச நேரத்திலேயே கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல் புகுந்துவிட்டது. அந்த சேர்வர்களில் இருந்த தளங்கள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை, வந்த வழி பனல்.

அதற்காகப் பனலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்களின் தளங்களையும் மின்னஞ்சல்களையும் ஒரே இடத்தில் வைத்திருப்பவருக்குப் பனல் அவசியம். மெயில் சேர்வரைக் கையால் கட்டிப் பராமரிப்பது வேறு கதை. ஆனால் ஒரேயொரு வேர்ட்பிரஸ் தளம் வைத்திருக்கும் பாசிக்குடா விருந்தினர் விடுதிக்கு எதற்கு அது? 1 ஜிபி மெமரி உள்ள சின்ன வி.பி.எஸ்.ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சேர்வரில்) பனலையும், அதோடு மெயில், வைரஸ் ஸ்கேனர் எல்லாவற்றையும் ஏற்றுகிறார்கள். கிளாம்ஏவி என்ற வைரஸ் ஸ்கேனர் மட்டுமே கிட்டத்தட்ட அந்த 1 ஜிபியைக் கேட்கும். மெமரி முடிந்ததும் சேர்வரின் இயங்குதளமான லினக்ஸ் பெரும்பாலும் தளத்தின் டேட்டாபேஸை ஓட்டும் மைஎஸ்கியூஎல்லைத்தான் நிறுத்திவிடும். டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்று தளம் காட்டும். ஆளைக் கூப்பிட்டால் ரீபூட் பண்ணிவிட்டு "இப்ப சரி" என்பார். இரண்டு நாளில் திரும்பவும் அதே. சிபனல் என்ற கட்டணப் பனல் என்றால் செலவும் டொலரில். 2019இலிருந்து கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம்.

ஒரு தளம்தான், கவனிக்கவும் ஆள் இருக்கிறார் என்றால் பனல் இல்லாமல் கையால் அமைத்த என்ஜின்எக்ஸ் (தளத்தைப் பரிமாறும் மென்பொருள்), பயர்வோல், தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட், சேர்ட்பொட் (https சான்றிதழை எடுத்துப் புதுப்பிக்கும் கருவி) போதும். அது எடுத்துத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழ் வழக்கமாக 90 நாளுக்குத்தான், புதுப்பிப்பு உண்மையில் ஓடுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். கவனிக்க ஆளே இல்லையென்றால் பனலும் வேண்டாம், கையால் அமைப்பதும் வேண்டாம், நிர்வாகத்தையும் சேர்த்துச் செய்து தரும் ஹோஸ்டிங்கை எடுங்கள்.

பாதி பனல், பாதி கை என்று மட்டும் போகாதீர்கள். சிபனல் இருக்கும் இடத்தில் அப்பாச்சியின் (இதுவும் தளத்தைப் பரிமாறும் மென்பொருள்) பிரதான கொன்பிக் கோப்பை, அதாவது அமைப்புக் கோப்பை, கையால் திருத்தினால், அடுத்த முறை சிபனல் அந்தக் கோப்பைத் திரும்ப எழுதும்போது உங்கள் வரிகள் போய்விடும். அதற்கென்று தனி இன்க்ளூட் கோப்புகள் இருக்கின்றன, அங்கே போடுங்கள்.

பனல் வைத்திருப்பவர்கள் அதன் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். எங்கள் வீட்டு இணைப்புகளில் ஐ.பி. (இணைய முகவரி) மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு முகவரிக்கு மட்டும் திறந்து வைப்பது சிரமம் என்பது தெரியும்; எஸ்.எஸ்.எச். டனல் (சேர்வருக்குள் போகும் மறைகுறியாக்கிய பாதை) வழியாகப் போங்கள். இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். அப்டேட் வந்தால் அன்றைக்கே செய்யுங்கள், "பெருநாளுக்குப் பிறகு பார்ப்பம்" வேண்டாம்.

கையால் அமைக்கும் தம்பி தங்கச்சிமாரிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் கோப்பில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு பக்கமாவது எழுதி உரிமையாளரிடம் கொடுங்கள். டொமைனும் ஹோஸ்டிங் கணக்கும் அவருடைய மின்னஞ்சலில் இருக்கட்டும், உங்களுடையதில் வேண்டாம். அப்புறம் பக்கப். அதே சேர்வரில் கிடப்பது பக்கப் இல்லை. வேறோர் இடத்துக்கு அனுப்புங்கள், மாதம் ஒரு தடவை அதைத் திறந்து, தளம் எழும்புகிறதா என்று பாருங்கள்.