பேனல் வாங்கும் முன் கம்பியைப் பாருங்கள்

"நல்ல வெயில் அடிக்கிற மத்தியானத்தில்தான் சார் இன்வெர்ட்டர் நின்னுடுது." தோட்டத்து வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் புகார் இது. சோலார் பேனல் மட்டம், கம்பெனி ஏமாற்றிவிட்டது என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பேனலில் குறையே இருக்காது. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் அந்த இன்வெர்ட்டரின் திரையில் 'ஓவர் வோல்டேஜ்' என்று காட்டும். கோளாறு லைனில்.

சோலார் கரண்ட் வீட்டிலிருந்து லைனுக்குள் போக வேண்டுமானால், வீட்டு வோல்டேஜ் டிரான்ஸ்பார்மரில் இருப்பதைவிடச் சற்று ஏற வேண்டும். டவுனில் தெருமுனையிலேயே டிரான்ஸ்பார்மர் இருப்பதால் இது தெரிவதில்லை. தோட்டத்துக்கோ அரை கிலோமீட்டர் கம்பி இழுத்திருப்பார்கள். 5 கிலோவாட் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் உச்சி வெயிலில் சுமார் 22 ஆம்பியர் தள்ளும். பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பியும் சேர்ந்து 1 ஓம் தடை என்றால் 22 வோல்ட் ஏறிவிடும். டிரான்ஸ்பார்மரில் 235 இருந்தால் வீட்டில் 257. பல இன்வெர்ட்டர்கள் 253-ஐத் தாண்டினால், அதாவது 230-க்கு மேல் பத்து சதவீதம் ஏறினால், நின்றுவிடும்படி அமைக்கப்பட்டவை. ராத்திரி டியூப்லைட் எரியாமல் மினுக்கும் வீடுதான் மத்தியானம் இப்படி எகிறும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நீளமான, மெலிந்த கம்பி.

"வரம்பை 270-க்கு ஏத்தித் தர்றேன்" என்று சிலர் வருவார்கள். சம்மதிக்காதீர்கள். அந்த வோல்டேஜ் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்கும் போகும்.

த்ரீ பேஸ் சர்வீஸ் இருந்தால் அதே 5 கிலோவாட் மூன்றாகப் பிரிந்து பேஸுக்கு 7 ஆம்பியர்தான். மூன்றும் சமமாக இருப்பதால் நியூட்ரலில் ஓட்டம் இராது. பேஸ் கம்பி ஒன்றின் அரை ஓம் தடைதான் கணக்கு என்பதால் ஏற்றம் 4 வோல்ட்டுக்குள் அடங்கும். ஆனால் த்ரீ பேஸ் கரண்ட் சில மணி நேரமே வரும் ஊர் என்றால், மற்ற நேரமெல்லாம் அந்த இன்வெர்ட்டர் சும்மா நிற்கும். வயர்மேனிடம் நேரத்தைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். பேட்டரி இல்லாமல் லைனோடு இணைந்த ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் அணைந்துவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது.

பெரிய பிளாண்ட்டுக்கும் இதே கதைதான். விவசாயிகளுக்காக மத்திய அரசு 2019-இல் கொண்டுவந்த பிஎம் குசும் சோலார் திட்டத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களைத் துணைமின் நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் அமைப்பதற்கு முன்னுரிமை உண்டு. தூரம் கூடினால் லைன் செலவும் இழப்பும் கூடும்.   சோலார் வைக்க மானாவாரி நிலத்தைக் குத்தகை கேட்டுத் தரகர் வந்தால், எந்தத் துணைமின் நிலையம், அங்கே இன்னும் எவ்வளவு கரண்ட் ஏற்ற இடம் மிச்சம், இணைப்பு அனுமதி யார் பெயரில் என்று கேளுங்கள். அனுமதி வராவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்தாகும் என்பதையும் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.