பாட்டிலுக்குப் பத்து ரூபாய்: ஸ்டிக்கர் போனால் பணமும் போச்சு

கோணி நிறைய காலி மது பாட்டில் சுமந்து வந்த ஒரு அம்மாவிடம், டாஸ்மாக் கவுண்டரில் இருந்தவர் பாதிக்கு மேல் ஒதுக்கித் தள்ளியதைப் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை, ஸ்டிக்கர்தான் இல்லை. முந்தின ராத்திரி மழையில் கோணி நனைந்து, பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசி, கழன்ற காகிதமெல்லாம் அடியில் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. அந்த உருண்டையை எடுத்துக் காட்டினார். "அதுக்கெல்லாம் காசு இல்லம்மா."

திட்டம் இவ்வளவுதான். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால், 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது. டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் டெபாசிட்டாகக் கூடுதலாக வாங்குவார்கள், அதற்கு அடையாளமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், ஸ்டிக்கரோடு காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரவேண்டும். அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது.

இந்தப் பத்து ரூபாய் குடித்தவருக்குப் பெரிதில்லை. பொறுக்கி எடுப்பவருக்குத்தான் அது கூலி. அதே பாட்டிலைக் காயலான் கடையில் போட்டால் ஓரிரண்டு ரூபாய் கிடைத்தாலே அதிகம். அதனால் ஸ்டிக்கரைக் காசு மாதிரி பாருங்கள். பாட்டிலைக் கழுவாதீர்கள், ஐஸ் வாளியில் ஊறியதை முதலில் நிழலில் காயவையுங்கள். ஸ்டிக்கர் உள்ளதையும் இல்லாததையும் ஒரே கோணியில் போட்டுக் கொண்டுபோனால் எண்ணும்போது தகராறுதான், வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். திட்டம் இல்லாத இடத்தில் வாங்கிய பாட்டிலுக்கு ஸ்டிக்கரே இருக்காது, வாதாடிப் பயனில்லை. வாய் உடைந்ததையும் விட்டுவிடுங்கள், கையாவது மிஞ்சும்.

வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுப்பதுதான் வம்பில்லாத வழி. ரோட்டோரம் பொறுக்குபவருக்கு அது எந்தக் கடைப் பாட்டில் என்று எப்படித் தெரியும்? திட்டம் போட்டவர்கள் யாரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு பத்து பாட்டிலை மட்டும் கொடுத்துப் பாருங்கள், வாங்கினால் மீதியைச் சுமந்து போகலாம். சாயங்காலம் போகாதீர்கள். கடை பகல் 12 மணிக்குத் திறக்கும், அப்போதே போய்விட்டால் "கூட்டமா இருக்கு, நாளைக்கு வாங்க" என்று சொல்ல வழியிருக்காது. நியாயமாகச் சொன்னால், ஸ்டிக்கர் ஒட்டுவதும் காலி பாட்டில் எண்ணுவதும் கூடுதல் ஆள் இல்லாமல் அந்த ஊழியர்கள் தலையில்தான் விழுந்தது, நாறும் கோணிகளை அடுக்க இடமும் கிடையாது. அவர்கள் சிடுசிடுப்பதில் காரணம் இருக்கிறது, ஆனால் அதற்கு நம் பத்து ரூபாயைப் பிடிக்க முடியாது.

வாங்குபவர்களுக்கு ஒன்று. டெபாசிட் 10 ரூபாய் வேறு, பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் சிலர் தாங்களாகவே வாங்கும் 10 ரூபாய் வேறு. 20 கேட்டால் ஒரு பத்து திரும்பி வரவே வராது, அங்கேயே பில் கேளுங்கள். பாரில் குடித்துவிட்டு பாட்டிலை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனால் உங்கள் டெபாசிட் யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் தர மறுத்தால் கடை எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, ஸ்டிக்கர் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கு ஒரு மனு, கூடவே முதல்வரின் உதவி எண்ணான 1100க்கு ஒரு போன். அங்கே தரும் புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். தனியாகப் போனால் ஒரு நாள் கூலி போகும், நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை யாராவது ஒருவர் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.