ரத்தக்கட்டி கரைந்த பிறகும் மூச்சு வாங்குகிறதா?

“மாத்திரை ஒரு வேளைகூட விடல டாக்டர். ஆனா ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது.” ஸ்கேன் அறைக்கு வெளியே ஐம்பது வயதுப் பெண் ஒருவர் சொன்னது இது. ஆறு மாதத்துக்கு முன் காலில் உண்டான ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்திருந்தது. வயசாகுது, எடை கூடிடுச்சு என்று வீட்டில் சொன்னதை அவரும் நம்பத் தொடங்கியிருந்தார்.

அவருக்கு நாங்கள் எடுத்தது வி/க்யூ ஸ்கேன்; நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கே போகின்றன என்று காட்டும் படம். முதலில் லேசான கதிரியக்கம் கலந்த ஆவியைச் சுவாசிக்க வைப்போம். காற்று எங்கெல்லாம் போகிறது என்பது அந்தக் கதிரியக்கத்தைப் படமெடுக்கும் காமா கேமராவில் தெரியும். அப்புறம் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய அல்புமின் என்ற புரதத் துகள்களை நரம்பில் ஊசியாகப் போடுவோம். ரத்தம் போகும் இடத்தில் அவை தங்கும். போகாத இடம் படத்தில் வெற்றிடமாக இருக்கும். “அந்தத் துகளே அடைச்சுக்காதா?” என்று பலரும் கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் நுரையீரலின் நுண்குழாய்களில் ஆயிரத்தில் ஒன்றைக்கூட அவை அடைப்பதில்லை. சில மணி நேரத்தில் தானே சிதைந்துவிடும்.

அவர் படத்தில் இரண்டு பக்கமும் காற்று நன்றாகப் போனது, ரத்தம்தான் பல இடங்களில் போகவில்லை. சிலருக்குக் கட்டி முழுதும் கரையாமல் தழும்பாகிக் குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறும், இதயத்தின் வலது பக்கம் மெல்லத் தளரும். சி.டி.யில் இது தப்பிவிடலாம். இந்த ஸ்கேனில் ரத்த ஓட்டம் சரியாக இருந்தாலோ, அந்த நோய் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மூன்று மாதம் மருந்து எடுத்தும் மூச்சிரைப்பு போகவில்லையா? உங்கள் மருத்துவரிடம் இந்த ஸ்கேனைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். இந்த நோய்க்கு அறுவை சிகிச்சை உண்டு, பலூன் சிகிச்சை உண்டு, மாத்திரையும் உண்டு. கண்டுபிடிக்காமல் விடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சிறுநீரகக் கோளாறு, சி.டி.க்குப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இந்த ஸ்கேன் ஏற்றது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேனுக்கான ஊசி மருந்தின் அளவைக் குறைத்து, பெரும்பாலும் ரத்த ஓட்டப் படம் மட்டும் எடுப்போம். கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்பதை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பழைய சி.டி., புதிய மார்பு எக்ஸ்ரே இரண்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.