பணமோசடி அல்ல, பணச்சலவை: வீடு வாங்குவோரைக் குழப்பும் சொற்கள்

இங்கிலாந்தில் வீடு வாங்கப் புறப்படும் ஒருவருக்குச் சட்டத்தரணியின் அலுவலகத்திலிருந்து வரும் முதற் கடிதத்திலேயே இரண்டு கோரிக்கைகள் இருக்கும். நீங்கள் யார் என்பதைக் கைபேசிச் செயலி வழியாக உறுதிப்படுத்த வேண்டும் என்பது ஒன்று. வீட்டுக்குக் கொடுக்கப்போகும் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் 'ஆண்டி மணி லாண்டரிங்' சோதனை எனப்படும் இந்த இரண்டாவது கோரிக்கைக்குத் தமிழில் 'பணமோசடித் தடுப்புச் சோதனை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இயந்திர மொழிபெயர்ப்பிலும், துண்டுப் பிரசுரங்களிலும், பெற்றோருக்கு விளக்கம் சொல்லும் பிள்ளைகளின் வாயிலும் அதே தொடரைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்த காசைப் பிள்ளையின் வீட்டுக்குக் கொடுக்க வரும் ஒருவரிடம் 'பணமோசடி' என்ற சொல்லை நீட்டினால், 'நான் யாரை ஏமாற்றினேன்?' என்றுதான் அவர் முதலில் கேட்பார். அவர் கேட்பது நியாயம். அவரை அப்படிக் கேட்க வைத்த சொல்தான் பிழை.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பை நீட்டி முழக்க வேண்டியதில்லை. கழுவுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையான 'லவாரே'யிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'லாண்டரிங்' என்ற சொல், பணத்தோடு சேர்ந்து செய்தித்தாள்களில் பரவியது 1970களில், அமெரிக்காவின் வாட்டர்கேட் அரசியல் ஊழல் விவகாரத்தின்போது. அமெரிக்கா அதைத் தனிக் குற்றமாகச் சட்டத்தில் எழுதியது 1986இல். சிகாகோ குற்றக்கும்பல் தலைவர் அல் கபோன் சலவைக் கடைகளை நடத்தித் தன் பணத்தை மறைத்ததால் இப்பெயர் வந்தது என்ற கதை சுவையானது, ஆனால் அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. 1931இல் அவர் தண்டிக்கப்பட்டது வரி ஏய்ப்புக்காக. சொல்லின் கருத்து எளிது. குற்றத்தில் கிடைத்த ஆதாயத்தை, அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதபடி, நேர்வழியில் வந்ததுபோல் காட்டுவதே அது. முதலில் புகுத்துவார்கள், பிறகு கைமாற்றிக் கைமாற்றி அடுக்குவார்கள், கடைசியில் நல்ல பணத்தோடு கலந்துவிடுவார்கள். வீடு வாங்குவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படி என்பதால்தான் சட்டத்தரணியும் வீட்டு முகவரும் கேள்வி கேட்கிறார்கள்.

மோசடி என்றால் ஒருவரை ஏமாற்றிப் பறித்தல். மோசடி செய்தவன் அந்தப் பணத்தைச் சலவை செய்யக்கூடும். போதைப்பொருள் விற்றவனும், கையூட்டு வாங்கியவனும், ஆட்கடத்தல் செய்தவனும் அவ்வாறே செய்யக்கூடும். அதாவது மோசடி என்பது சலவைக்கு முன் நடக்கும் பல குற்றங்களுள் ஒன்று. அந்த ஒன்றின் பெயரை முழுச் செயலுக்கும் வைத்தால், பணச்சலவை வழக்கு எது, ஏமாற்று வழக்கு எது என்று செய்தி படிப்பவருக்குப் பிரித்தறிய வழியே இல்லாமற் போகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வீட்டு விற்பனையில் மோசடி என்ற சொல்லுக்கு உரிய இடம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்தவர் வீட்டைத் தன் வீடென்று சொல்லி, பொய் அடையாளம் காட்டி விற்றுப் பணத்தோடு மறைபவன் செய்வது மோசடி. அதற்குத் தமிழில் 'ஆள்மாறாட்டம்' என்ற அழகான சொல்லும் உண்டு. கடிதத்தின் முதற் கோரிக்கையான அடையாளச் சரிபார்ப்பு பெரும்பாலும் இதைத் தடுப்பதற்காக வைத்தது. இரண்டாவது கோரிக்கைக்கு இந்தப் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டால், முதலாவதற்குப் பெயர் இல்லாமற் போகிறது.

பணமோசடியாவது அவசரத்தில் எழுதப்பட்ட பிழை என்று விட்டுவிடலாம். தமிழ்நாட்டு நாளிதழ்கள் யோசித்து வைத்த தொடர் ஒன்று உண்டு. அதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. இந்தியாவில் 2002இல் இயற்றப்பட்டு 2005 சூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தை அவை 'சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம்' என்று எழுதுகின்றன. அமலாக்கத்துறை யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்தத் தொடர் முதற்பக்கத்தில் வந்துவிடுவதால், இன்று இதையே சரியான தமிழ் என்று பலர் நம்புகிறார்கள்; லண்டனில் மொழிபெயர்ப்பவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

இத்தொடரில் முதலாவது பிழை, சட்டவிரோதம் எதில் இருக்கிறது என்பதை மாற்றிச் சொல்வது. பணச்சலவையில் பரிமாற்றம் பெரும்பாலும் சட்டப்படியே நடக்கும். வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கு, உரிய படிவத்தோடும் உரிய கட்டணத்தோடும், வரி கூடச் செலுத்தப்பட்டுப் பணம் போகும். அப்படிப் போவதுதான் சலவைக்காரனின் திறமையே. குற்றம் பணத்தின் பிறப்பில் இருக்கிறது, பயணத்தில் அல்ல. 'சட்டவிரோதப் பரிமாற்றம்' என்று கேட்டவர் பரிமாற்றத்தில் ஏதோ ஒழுங்கீனம் தேடுவார். வங்கி வழியாகத்தானே அனுப்பினேன், பிறகு ஏன் கேட்கிறார்கள் என்று கோபப்படுவார். வங்கிக்கு வருமுன் அது எங்கே இருந்தது என்பதுதான் சட்டத்தரணியின் கேள்வி என்பது அவருக்கு எட்டவே எட்டாது.

இரண்டாவது பிழை, பரிமாற்றம் இல்லாமலே இந்தக் குற்றம் நடக்கலாம் என்பதை மறைப்பது. பிரித்தானியாவின் 2002ஆம் ஆண்டுக் குற்ற வருவாய்ச் சட்டத்தில் 327, 328, 329ஆம் பிரிவுகள் இதை வரையறுக்கின்றன. உச்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. மறைப்பதும், பிறருக்கு ஏற்பாடு செய்து கொடுப்பதும் மட்டுமல்ல, குற்றச் சொத்தென்று தெரிந்தோ ஐயுற்றோ அதை வைத்திருப்பதும், அதைப் பயன்படுத்துவதும் அங்கே குற்றம். இந்தியச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலும் மறைத்தல், வைத்திருத்தல், அடைதல், பயன்படுத்தல், கறையற்றதெனக் காட்டுதல் என்று வரிசை நீள்கிறது. அப்படிப்பட்ட பணத்தில் கட்டிய வீட்டில் தெரிந்தே குடியிருப்பவர் எதைப் பரிமாறினார்? அங்கே பணமே இல்லை, கல்லும் மண்ணும்தான் இருக்கின்றன.

மூன்றாவது பிழைதான் எனக்கு மிகவும் உறுத்துவது. 'சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்' என்ற தொடருக்கும் ஏற்கெனவே ஓர் உரிமையாளர் உண்டு. இந்தியாவில் ஹவாலா என்றும், ஈழத்தமிழர் வழக்கில் உண்டியல் என்றும் சொல்லப்படும் முறையில், இங்கே ஒருவர் கையில் காசைக் கொடுத்தால் ஊரில் இன்னொருவர் கையில் காசு கிடைக்கிறது. பிரித்தானியாவில் பணம் அனுப்பும் தொழில் நடத்துபவர் வருவாய்த்துறையிடமும் நிதி நடத்தை ஆணையத்திடமும் பதிந்திருக்க வேண்டும்; பதியாமல் நடத்தினால் அது சொல்லுக்குச் சொல் சட்டவிரோதப் பணப் பரிமாற்றம். ஆனால் அந்த வழியில் போன காசு மருத்துவமனையில் இரவு வேலை செய்து சம்பாதித்த தூய காசாக இருக்கலாம். பரிமாற்றம் முறைகேடு, பணம் நேர்மை. பணச்சலவையில் பரிமாற்றம் ஒழுங்கு, பணம் கறை. நேர் எதிரான இரண்டு செயல்களை ஒரே தொடரில் அடைத்துவிட்டு, மக்களுக்குச் சட்டம் புரியவில்லை என்று நொந்துகொள்வதில் பயனில்லை. இந்தியாவில் ஹவாலாவுக்கு 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் தனியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே அமலாக்கத்துறை கையாள்வதால் செய்தியாளருக்குக் கோடு அழிந்துபோயிருக்கலாம் என்பது என் ஊகம்.

'கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கல்' என்பது பேச்சில் உயிருள்ள தொடர். எழுத்தில் அதை ஏற்கத் தயக்கம் உண்டு. நம்மிடம் கறுப்புப் பணம் என்றால் பெரும்பாலும் கணக்கில் காட்டாத பணம். பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்று நிலம் வாங்கி விற்ற தமிழ்நாட்டுப் பழக்கத்திலிருந்து வந்தவருக்கு அச்சொல் வரியைத்தான் நினைவூட்டும், குற்றத்தை அல்ல. இலங்கையில் வழங்கும் 'பணம் தூயதாக்கல்' இவற்றைவிட மேலானது, ஏனெனில் அது கழுவும் கருத்தை விடாமல் பிடித்திருக்கிறது. ஆனாலும் தூய்மை நமக்குப் புகழ்ச்சொல். தூயதாக்கினான் என்றால் அது தூயதாகிவிட்டது என்றே பொருள்படும். எத்தனை கை மாறினாலும் கறை போகவில்லை என்பதல்லவா சட்டத்தின் நிலைப்பாடு? குற்றவாளியின் வாதத்தை மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிறது.

ஆகவே 'பணச்சலவை' என்பதே என் தேர்வு. சலவை என்றால் வெளித்தோற்றம் மாறுகிறது, துணி அதே துணிதான். இதற்கும் எதிர்ப்பு உண்டு. 'சலவை நோட்டு' என்று புத்தம்புதிய தாளைச் சொல்கிறோமே, குழம்பாதா என்பார்கள். வங்கியில் சலவை நோட்டுக் கேட்பவரையும் பணச்சலவை வழக்கில் சிக்கியவரையும் தமிழர் குழப்பிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சலவை என்ற சொல் தூய தமிழா என்று வேர் தோண்டுபவர்களும் உண்டு. வேண்டுமானால் அவர்கள் 'பணவெளுப்பு' என்று எழுதிக்கொள்ளட்டும், பொருள் கெடாது. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவே பெரிது. சலவைத் தொழில் செய்பவரை இச்சொல் இழிவுபடுத்துகிறது என்ற குறையை மட்டும் நான் எளிதாகத் தள்ளமாட்டேன், ஆனால் 'சலவைத் தொழில்' என்று நாம் மதிப்போடு வழங்கும் சொல்லைவிட மோசடி என்ற சொல் எப்படிக் கண்ணியமானது என்று அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

பெயர் தெளிந்தாலும் கடிதத்தின் உள்ளே இன்னொரு குழி காத்திருக்கிறது. வீடு வாங்குபவரிடம் மூன்று வெவ்வேறு கேள்விகள் கேட்கப்படும். வாங்குமளவு பணம் கையில் இருக்கிறதா என்பதற்குச் சான்று, பெரும்பாலும் வீட்டு முகவர் கேட்பது. இந்தக் குறிப்பிட்ட தொகை எந்த வழியாக உங்கள் கணக்குக்கு வந்தது என்பது இரண்டாவது. பொதுவாக உங்கள் சொத்து எப்படிச் சேர்ந்தது, சம்பளத்திலா, தொழிலிலா, பிதுரார்ச்சிதத்திலா என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் 'நிதி ஆதாரம்' என்ற ஒரே தொடரில் மூட்டை கட்டுகிறார்கள். ஆதாரம் என்பது தமிழில் மூலத்தையும் குறிக்கும், சான்றையும் குறிக்கும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் ஆதார் அட்டையைக் கேட்கிறார்களோ என்று நினைத்தாலும் நான் வியக்கமாட்டேன். 'நிதி ஆதாரம் தரவும்' என்று படித்தவர் இருப்புத்தொகை தெரியும் வங்கிக் கணக்குத் தாளை அனுப்புவார். அது முதற் கேள்விக்குப் பதில், கேட்டது இரண்டாவது. வாரங்கள் போகும், விற்பவர் பொறுமை இழப்பார். 'பண இருப்புச் சான்று', 'பணம் வந்த வழி', 'சொத்துச் சேர்ந்த வழி' என்று பிரித்து எழுதினால் எந்த அகராதியும் தேவைப்படாது. சீட்டுக் கட்டி எடுத்த காசு இருந்தால் அதையும் விளக்கியே எழுத வேண்டும். மாதாமாதம் யார் எவ்வளவு கட்டினார், எப்போது எடுத்தார் என்று சொல்லாமல் 'சீட்டுப் பணம்' என்று மட்டும் எழுதினால், மொழிபெயர்ப்பவர் அதைப் பரிசுச் சீட்டாக்கிவிட இடமுண்டு.

முதற் கோரிக்கையான அடையாளத்துக்கு வருவோம். 'டிஜிட்டல்' என்ற சொல்லுக்கு அடியான 'டிஜிட்' என்பதன் வேர் விரலைக் குறிக்கும் இலத்தீன் சொல். விரல்விட்டு எண்ணியதால் எண்ணைக் குறித்தது. தமிழில் எண்ணிம, எண்ம, இலக்கமுறை என்று பல ஆக்கங்கள் உண்டு, எதை எடுத்தாலும் எனக்குச் சண்டை இல்லை. சண்டை அடுத்த சொல்லில். 'எண்ணிம அடையாள அட்டை' என்று எழுதுகிறார்கள். 2025 செப்டம்பரில் பிரித்தானிய அரசு நாடு தழுவிய எண்ணிம அடையாளத் திட்டமொன்றை அறிவித்தபிறகு இந்தக் குழப்பம் பெருகிவிட்டது. வீட்டு விற்பனையில் கேட்பது அதுவன்று. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய நிலப் பதிவகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட தரநிலை, கடவுச்சீட்டில் பதிந்துள்ள சில்லைக் கைபேசியால் படித்து, அதிலுள்ள படத்தை உயிருள்ள முகத்தோடு ஒப்பிடும் முறையைச் சொல்கிறது. அடையாளம் பழைய கடவுச்சீட்டுதான். எண்ணிமமாக மாறியது சரிபார்க்கும் வழி. ஆகவே 'எண்ணிம' என்ற அடைமொழியை அடையாளத்துக்கு வைக்காமல் சரிபார்ப்புக்கு வைத்து, 'எண்ணிமவழி அடையாளச் சரிபார்ப்பு' என்று எழுத வேண்டும். இத்தரநிலையின்படி நடந்த சட்டத்தரணிமீது பின்னர் அடையாளப் பிழைக்காகப் பதிவகம் இழப்பீடு கோராது என்ற 'சேஃப் ஹார்பர்' உறுதிமொழியை 'பாதுகாப்பான துறைமுகம்' என்று பெயர்த்தால், வீடு வாங்க வந்தவர் கப்பலைத் தேடுவார். 'பொறுப்புக் காப்பு' போதும்.

கடைசியாக ஒரு சொல். ஐயம் எழுந்தால் சட்டத்தரணி அதைத் தேசியக் குற்ற முகமைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அறிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்வது குற்றமாகலாம். விற்பனையை மேற்கொண்டு நடத்த அனுமதி கேட்டிருந்தால், முகமை பதில் சொல்ல 7 வேலை நாள்கள் உண்டு. மறுத்தால் மேலும் 31 நாள்கள் காத்திருக்க வேண்டிவரலாம். அக்காலத்தில் அலுவலகம் ஏன் வாய் திறக்கவில்லை என்பது வாங்குபவருக்குப் புரியாது. ஆங்கிலத்தில் 'டிப்பிங் ஆஃப்' எனப்படும், அப்படி உளறிவிடும் குற்றத்தைத் 'துப்புக் கொடுத்தல்' என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். துப்புக் கொடுப்பது காவல்துறைக்கு, இங்கே செய்தி போவது ஐயத்துக்கு ஆளானவருக்கு. பேச்சில் இதற்குக் 'காதில் போட்டுவைத்தல்' என்று இருக்கிறது. சட்டத் தமிழில் அதைச் சேர்க்கக் கூச்சப்படுபவர்கள் 'ஐயத்துக்கு ஆளானவரை எச்சரித்தல்' என்று விரித்து எழுதலாம்.