ஆதிக்கம்: அதிகத்துக்கு அண்ணன்

2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற விண்வெளிக் கண்காணிப்புக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் வந்து நின்ற வாரம், வேலூரில் டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் கட்டிங் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா பேப்பரை மடித்து பெஞ்சில் போட்டுவிட்டு, "சைனாக்காரன் கை ஓங்கிடுச்சுடா" என்றார். பேப்பரில் போட்டிருந்தது ‘சீன ஆதிக்கம்’. இரண்டும் ஒன்றா?

ஆதிக்கம் என்றதும் பலர் ‘ஆதி’யிலிருந்து வந்த சொல் என்று நினைக்கிறார்கள். இல்லை. ‘அதிகம்’ இருக்கிறதே, அதற்கு உடன்பிறந்தது இது. வடமொழியில் அதிக என்பதிலிருந்து ஆதிக்ய, அதாவது மிகுதி, மேம்பாடு. அது தமிழில் ஆதிக்கம் ஆனது. அடக்கி ஆளுதல் என்ற பொருள் பிறகு ஏறிக்கொண்டது, இப்போது சாதி ஆதிக்கம், ஆணாதிக்கம், இந்தி ஆதிக்கம் என்று நல்ல அர்த்தத்தில் அதை அதிகம் யாரும் சொல்வதில்லை.

ஏகாதிபத்தியம் இதற்குச் சொந்தம் மாதிரி தெரியும், ஆனால் அதன் வேர் அதிபதி. அதிபதியின் நிலை ஆதிபத்தியம், ஒருவனே அதிபதி என்றால் ஏகாதிபத்தியம். ஆக, ஆதிக்கத்தில் ஒருவன் கை மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். ஏகாதிபத்தியத்தில் நாற்காலியே அவனுடையது.

இந்த இரண்டுக்கும் முந்திய படி செல்வாக்கு. எனக்கு மிகவும் பிடித்த சொல். செல்லும் காசு, செல்லாக்காசு என்கிறோமே, அதே ‘செல்’ தான். செல்லுகிற வாக்கு, வினைத்தொகை. ‘கற்ற செலச்சொல்லு வார்’ என்று குறளில் (722) வருகிற ‘செல’வும் இதுதான், கேட்பவர் மனத்தில் போய்ப் பதிகிற பேச்சு. செல்வாக்கு உள்ளவன் மிரட்ட வேண்டியதில்லை, சொன்னால் போதும். (வாக்கு வடசொல்தான், தனித்தமிழ் அன்பர்கள் மன்னிக்கவும்.)

மூன்று சொல்லுக்கும் உதாரணம் தேடி இலங்கை வரை போக வேண்டாம், ஆற்காட்டுக்குப் போனால் போதும். 1751இல் ஆற்காட்டுக் கோட்டையை கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் பிடித்துக் காத்தது, முகமது அலி நவாபுக்குத் துணையாக. கம்பெனிக்கு அன்றைக்கு இருந்தது செல்வாக்கு. அப்புறம் நவாபு கம்பெனிக்கும் அதன் உத்தியோகஸ்தர்களுக்கும் மாற்றி மாற்றிக் கடன்பட்டு, நில வரியையே அடமானமாக எழுதிக் கொடுத்தார். அந்தக் கடன் விவகாரம் 1785இல் லண்டன் பாராளுமன்றத்தில் உறுப்பினர் எட்மண்ட் பர்க் மணிக்கணக்கில் பேசுகிற அளவுக்கு நாறியது. அது ஆதிக்கம். 1801இல் ஆட்சியையே கம்பெனி எடுத்துக்கொண்டது, பின்வந்த நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் பென்ஷனும். ஐம்பதே வருஷம். முகமது அலி நவாபின் வாலாஜா என்ற பட்டப்பெயரைத்தான் வாலாஜாபேட்டை இன்றும் சுமக்கிறது, நாம் பஸ்ஸில் இடம் பிடிக்கிற அவசரத்தில் அதை நினைப்பதில்லை.

இலங்கையே இங்கே வந்த கதையும் உண்டு. 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், அதன் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில்தான் வைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தான், பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவனுடைய சமாதி. கண்டிப் பிரதானிகளே முன்வந்து ஆங்கிலேயரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியாள் செல்வாக்கு உள்ளூர் ஆள் வழியாகத்தான் செல்லும்.

சரி, சீனாவுக்கு எந்தச் சொல்? சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருஷக் குத்தகைக்கு ஒரு சீனக் கம்பெனிக்குப் போனது, 112 கோடி டாலருக்கு. ‘கடன்பொறி’ என்ற சொல் பத்திரிகைகளில் ஓடத் தொடங்கியதும் அப்போதுதான். ஆனால் இலங்கை திவாலான 2022இல் அதன் வெளிக்கடனில் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற பத்திரங்களுடையது, சீனாவுடையது அல்ல. இந்தியா வேண்டாம் என்று சொல்லியும் அந்தக் கப்பல் வந்து நின்றதே, அதை செல்வாக்கு என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. ஆதிக்கம் என்பதே என் கணக்கு. ஏகாதிபத்தியம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒரு படி தாண்டிக் குதிக்கிறார்கள்.

நல்ல தமிழில்? மேலாண்மை கச்சிதமாகப் பொருந்தும், மேல் நின்று ஆள்வது. ஆனால் அதை எம்.பி.ஏ. படிப்புக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், ‘சீன மேலாண்மை’ என்றால் ஷாங்காய் காலேஜ் பாடம் என்று நினைப்பார்கள். மிச்சம் இருப்பது வல்லாண்மை. வல்லமையால் ஆள்வது, பொருளும் சரி, ஓசையும் சரி.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "வல்லாண்மையா? சித்த வைத்தியர் விளம்பரம் மாதிரி இருக்குடா" என்றார். அது ஆண் இல்லை சித்தப்பா, ஆள், ஆள்மைதான் ஆண்மை என்று விளக்கினேன். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "கை ஓங்கிடுச்சுன்னா யாருக்குப் புரியலை?" என்றார்.