தோட்டத்தை விற்கும் முன் தூரத்தை அளந்து பாருங்கள்

"அது தோட்டம்தானே சார், அதுக்கு எதுக்கு வரி?" இந்த வாரமும் ஒரு குடும்பம் இதே கேள்வியோடு வந்தது. கோவைக்குப் பக்கத்தில் பூர்வீகத் தென்னந்தோப்பை விற்றுவிட்டார்கள். பணம் பெண்ணின் கல்யாணத்துக்கும் கடனுக்கும் போய்விட்டது. இப்போது கையில் வருமான வரி நோட்டீஸ். கிரயத்துக்கு முன்னால் வந்திருந்தால் வழி இருந்தது.

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வரி இல்லை என்பது சரி. அந்த அதிகாரத்தை அரசியல் சாசனமே மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் தேங்காய் விற்ற பணம் வேறு, தோப்பையே விற்ற பணம் வேறு.

பட்டாவில் புஞ்சை என்று இருக்கிறது, அடங்கலில் (கிராமத்துப் பயிர்க் கணக்கில்) பயிர் ஏறியிருக்கிறது, ஆகவே நிலத்தை விற்றாலும் வரி இல்லை என்று புரோக்கரும் சொல்கிறார், பத்திரம் எழுதுபவரும் சொல்கிறார். தயவுசெய்து நம்பாதீர்கள். பயிர் நிலமாகவே இருந்தாலும் நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் சட்டம் கேட்கிறது. நகராட்சி எல்லைக்குள் இருந்தால் கேள்வியே இல்லை, வரி உண்டு. வெளியே என்றால், அந்த நகரத்தின் மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை இருந்தால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8. பொள்ளாச்சிக்கு 2, திருப்பூருக்கு 6, கோவைக்கு 8. இதற்குள் இருக்கும் நிலம் மூலதனச் சொத்து, விற்ற லாபத்துக்கு வரி உண்டு.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பைக்கில் போய் மீட்டர் பார்த்துவிட்டு "ஒன்பது கிலோமீட்டர் வருது" என்பார்கள். ரோட்டுத் தூரம் கணக்கில்லை. நகர எல்லை முடியும் இடத்திலிருந்து வான்வழியாக, நேர்கோட்டில் அளக்க வேண்டும். பக்கத்து ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்க்கும்போது எல்லையும் தள்ளிப் போகும். அப்பா காலத்து அளவை வைத்துக்கொண்டு பேசக் கூடாது.

நிலம் இப்படி வரி வரும் தூரத்துக்குள் இருந்தாலும் சலுகை இருக்கிறது. விற்பதற்கு முந்தைய இரண்டு வருடமும் நீங்களோ உங்கள் பெற்றோரோ அதில் விவசாயம் செய்திருக்க வேண்டும். விற்ற இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், லாபத்தில் அந்தப் புது நிலத்துக்குப் போட்ட தொகை அளவுக்கு வரி இல்லை. அதை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், மகன் பெயரில் வாங்கினால் வழக்காட வேண்டிவரும். மூன்று வருடத்துக்கு அதை விற்காதீர்கள். ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் நிலம் அமையவில்லையா? பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று கேட்டு அதில் போடுங்கள். சேமிப்புக் கணக்கிலோ சாதாரண டெபாசிட்டிலோ கிடந்தால் சலுகை போய்விடும். வீடு கட்டினாலும் விலக்கு கிடைக்கலாம், ஆனால் நிபந்தனைகள் வேறு.

அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அப்புறம், அக்ரிமென்ட் போடும் முன்பே அடங்கல் நகலையும் தாசில்தாரிடம் வாங்கிய தூரச் சான்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.