இழுக்குது தானே என்று விடாதீர்கள்: காருக்கும் வானுக்கும் பின்னால் பெட்டி கொழுவுவோருக்கு

யாழ்ப்பாணத்தில் பெட்டி (ட்ரெயிலர்) என்றால் ஒரு காலத்தில் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் வருவதுதான். இப்போது கப் (பிக்கப்) வாகனத்துக்குப் பின்னால் படகு போகிறது, ஹயஸ் வானுக்குப் பின்னால் கோயில் திருவிழாவுக்கான ஜெனரேற்றர் போகிறது, வறட்சிக் காலத்தில் சிறிய வாகனங்கள்கூடத் தண்ணீர்த் தாங்கியை இழுத்துக்கொண்டு திரிகின்றன. எங்கள் கராஜுக்கு வருகிறவர்கள் கொழுக்கி பொருத்தித் தரச் சொல்லி வருவார்கள், அல்லது ஒடிந்ததை ஒட்டித் தரச் சொல்லி வருவார்கள். நான் ஏதாவது கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "இழுக்குது தானே அண்ணை, ஒண்டும் செய்யாது."

இழுக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடாநாடு தட்டை நிலம். ஏற்றம் இல்லாத இடத்தில் சின்ன எஞ்சினும் ஒரு தொன் பாரத்தை உருட்டிக்கொண்டு போகும். அந்தப் பாரத்தை நிறுத்துவதும், வீதியில் நேராக வைத்திருப்பதும்தான் பாடு.

கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே 1000 லீற்றர் தாங்கி நிறைந்தால் 1000 கிலோ, பெட்டியின் இரும்பு நிறை அதற்கு மேல். 50 கிலோ சீமெந்துப் பை 20 அடுக்கினாலும் இதே கதைதான். விட்ஸ் போன்ற ஒரு சிறிய காரின் முழு நிறையே ஏறத்தாழ அவ்வளவுதான். எங்கள் பக்கத்துப் பெட்டிகள் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக பிறேக் கிடையாது. முன்னால் போகிற வாகனத்தின் பிறேக்தான் இரண்டு பாரத்தையும் நிறுத்த வேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிறவர் 80க்கு ஏறினால் நிறுத்த வேண்டிய சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. தாங்கி அரைவாசி நிறைந்திருந்தால் இன்னும் மோசம்: பிறேக் பிடிக்கும்போது தண்ணீர் முழுவதும் முன்னுக்கு ஓடி வந்து தள்ளும், முடக்கில் திரும்பும்போது ஒரு பக்கம் சாயும். நிறைத்துக் கொண்டு போங்கள், அல்லது வெறுமையாகக் கொண்டு போங்கள். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத தாங்கியில் அரைத் தண்ணீர் வேண்டாம்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது, பாரத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பது. மாட்டுவண்டி ஓட்டிய எங்கள் பெரியவர்களுக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை. பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும் என்று அவர்கள் கையால் தூக்கிப் பார்த்தே ஏற்றினார்கள். கார்ப் பெட்டிக்கும் முன்பாரம் வேண்டும். பெட்டியின் மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொழுக்கியின் மேல் இறங்க வேண்டும். 500 கிலோப் பெட்டி என்றால் 50 கிலோ. வீட்டில் ஆள் நிறை பார்க்கும் தராசைப் பெட்டியின் கொழுவும் முனைக்குக் கீழே, அந்த முனை வாகனத்தில் கொழுவியிருக்கும் உயரத்திலேயே, ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அளவுக்கு மிஞ்சி முன்பாரம் ஏற்றினாலும் பிழைதான். வாகனத்தின் பின்பக்கம் அமர்ந்து முன்சில்லு வீதியில் பிடிக்காது, இரவில் உங்கள் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில்தான் விழும்.

படகு கொண்டு போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். வெளியிணைப்பு எஞ்சினைப் படகின் பின்னணியத்தில் (பின்முனையில்) மாட்டியபடியே இழுத்துவிடுகிறீர்கள். 15 குதிரைவலு எஞ்சின் ஏறத்தாழ 40 கிலோ. அது அச்சிலிருந்து எவ்வளவு பின்னால் தொங்குகிறதோ அவ்வளவுக்கு முன்பாரத்தைத் தூக்கிவிடுகிறது. எண்ணெய்க் கானும் வலையும் அதே பக்கத்தில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். எஞ்சினைக் கழற்றி வாகனத்துக்குள் வையுங்கள். வலையை அணியப் பக்கம், அதாவது முன்னுக்கு, தள்ளுங்கள்.

பின்பாரம் கூடிய பெட்டி மெதுவாகப் போகும்போது நல்ல பிள்ளையாக வரும். 60, 70 தாண்டும்போதுதான் வாலை ஆட்டத் தொடங்கும். ஒரு பள்ளம், ஒரு பக்கக்காற்று, முந்திப் போகிற சொகுசு பஸ் கிளப்பும் காற்று, இதில் ஏதோ ஒன்று போதும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அந்த நேரம் கால் தானாக பிறேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். திடீரென்று பிறேக் பிடித்தால் பெட்டி முன்னுக்குத் தள்ளி வாகனத்தைக் குறுக்கே மடித்துவிடும். ஸ்ரேறிங்கை இடமும் வலமும் திருப்பி ஆட்டத்தைச் சரிக்கட்டவும் பார்க்காதீர்கள். உங்கள் கை எப்போதும் ஒரு கணம் பிந்தியே திருப்பும், அது ஆட்டத்தைக் கூட்டும். ஸ்ரேறிங்கை நேராக இறுக்கிப் பிடித்தபடி அக்சிலேற்றரில் இருந்து காலை எடுங்கள். வேகம் தானாக விழும், ஆட்டமும் அடங்கும். அடங்கியதும் ஓரம் கட்டி, பாரத்தை முன்னுக்கு மாற்றி ஏற்றாமல் ஒரு அடிகூட நகரக்கூடாது.

சோளகம் (தென்மேல் காற்று) அடிக்கிற மாதங்களில் பண்ணை வீதி, பொன்னாலைப் பாலம், சங்குப்பிட்டிப் பாலம், ஆனையிறவு எல்லாம் திறந்த வெளி. மறைப்பே இல்லை. பந்தல் தகரமும் பிளாஸ்ரிக் கதிரையும் உயரமாக அடுக்கிய பெட்டி நிறை குறைவு என்று நினைப்போம்; காற்றுக்குப் பாய் விரித்துக் கொடுப்பது அதுதான். அந்த இடங்களில் 40க்கு மேல் தேவையில்லை.

கொழுக்கி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வானின் பின் பம்பரில் ஒட்டித் தரச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பம்பர் மெல்லிய தகடு. கொழுக்கி சசியில் (வாகனத்தின் அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும். பம்பருக்குக் கீழே கம்பனி வைத்திருக்கும் வளையம், பழுதான வாகனத்தை மெதுவாக இழுத்துப் போகத்தான். சில மொடல்களுக்கு எதையுமே இழுக்க வேண்டாம் என்று கைநூலில் எழுதியிருக்கும். கைநூல் ஜப்பான் மொழியில் இருந்தால் கைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்தாவது பாருங்கள்.

கொழுக்கியில் இருக்கும் இரும்புக் குண்டும் பெட்டி முனையில் அதைப் பிடிக்கும் கிண்ணமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பெட்டிகளில் இரண்டு அங்குலக் கிண்ணம் இருக்கும். வாகனத்தில் இருக்கும் குண்டு ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலமாக இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீற்றர்தான். கொழுவினால் பூட்டிக்கொள்ளும், கண்ணுக்குச் சரியாகவே தெரியும், பெரிய பள்ளத்தில் ஒரு தரம் துள்ளும்போது கழன்றுவிடும். அளவு குண்டின் மேலேயே அடித்திருக்கும், வாசியுங்கள். பூட்டிய பிறகு பெட்டியின் முனையை மேலே தூக்கிப் பாருங்கள். வாகனத்தின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். ஊசிப் பூட்டுக்குப் பதில் ஆணியோ கம்பித் துண்டோ செருகுவது வேண்டாம்.

காப்புச் சங்கிலி இரண்டு போடுங்கள். இரண்டையும் முனைக்குக் கீழே குறுக்கே மாற்றிக் கொழுவுங்கள். கழன்று விழுந்தாலும் முனை அந்தக் குறுக்கில் தங்கும், தாரில் குத்தாது. கடற்கரைக் காற்றில் சங்கிலி உள்ளுக்குள்ளே துரு தின்னும், கையால் உருட்டிப் பார்த்து மெலிந்த வளையம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

படகுப் பெட்டியைக் கடலுக்குள் இறக்குகிறவர்கள் ஓடி வந்த சூட்டோடு இறக்கக்கூடாது. சூடான சில்லுக் குடம் உப்புத் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்றுச் சுருங்கி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிறீஸ் கெடும், பெயாரிங் சில வாரங்களிலேயே உறுமத் தொடங்கும். அரை மணி ஆறவிடுங்கள்; வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

ரயர்: வாகனத்தில் தேய்ந்ததைக் கழற்றிப் பெட்டிக்குப் போடுவது இங்கே வழக்கம். பூ (ரயரின் மேல் வரி) இருந்தாலும் வயது போயிருக்கும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

ஒழுங்கைக்குள் திரும்பும்போது பெட்டி உங்கள் வாகனத்தின் தடத்தில் வராது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த முடக்கில் வேலியோரமாகச் சைக்கிளில் ஒரு பிள்ளை நின்றால் உங்கள் கண்ணாடியில் தெரியாமல் போகலாம். அகலமாக எடுத்து, ஊர்ந்து திரும்புங்கள். பின்னால் பிறேக் லைற்றும் சிக்னலும் எரிய வேண்டும். அதன் ஏர்த் வயரைக் கொழுக்கியை நம்பி விடாமல் தனியாக இழுங்கள். சிக்னல் போடும்போது எல்லா லைற்றும் சேர்ந்து மங்கினால் ஏர்த்தில்தான் கோளாறு. ஒளி தெறிக்கும் பட்டியும் ஒட்டுங்கள். பரந்தன் தாண்டிய பிறகு இரவில் வீதி எவ்வளவு இருட்டு என்பது உங்களுக்கே தெரியும்.

பெட்டிக்குள் ஆட்களை ஏற்ற வேண்டாம். திருவிழாவாக இருந்தாலும், பக்கத்துச் சந்தி வரைதான் என்றாலும்.

யாழ்ப்பாணத்தில் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் புறப்பட்டால் சாவகச்சேரியில் ஒருக்கால் நிறுத்துங்கள். இரண்டு சில்லுக் குடத்தையும் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால், அல்லது ஒன்று மற்றதைவிட அதிகம் சுட்டால், பெயாரிங் போகப்போகிறது. கயிறு தளர்ந்திருக்கும், அதை இறுக்குங்கள். சங்கிலியையும் பூட்டையும் இன்னொரு முறை பாருங்கள். சாவகச்சேரியில் கராஜ் இருக்கிறது; ஆனையிறவு வெளியில் இல்லை.